நாற்பது வேலியும் அரைப் பேரும்

கோபாலகிருஷ்ண பாரதியாரின் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது. நரிமணத்தில் பிறந்து, முடிகொண்டான், ஆனந்தத்தாண்டவபுரம், மாயவரம் என்று காவிரிக் கரையிலேயே வாழ்ந்த ஒருவர் ஒரு பண்ணையாளின் கதையைப் பாட்டாகக் கட்டினார். அந்தப் பாட்டு ஊர் ஊராகப் பரவிய அதே ஆண்டுகளில், தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கத்துப் பண்ணையாட்கள் ஆள் சேர்க்கும் கங்காணிமாரின் பின்னால் கடல் கடந்து இலங்கைக்குப் போனார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் விழுந்தவர்கள் போக மிஞ்சியவர்களைக் கோப்பித் தோட்டங்கள் எடுத்துக்கொண்டன. 1869 இல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ என்று ஒரு நூலை வெளியிட்டார். கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கும்மி மெட்டில் சொல்லும் நூல் அது. அங்கே யாருடைய வாழ்க்கை கீர்த்தனையானதோ, அவர்களுடைய பிள்ளைகள்தான் இங்கே மலையேறினார்கள். ஆனால் அவர்கள் குடியேறிய மலையகத்தில், நுவரெலியாவிலோ அட்டனிலோ, இன்று ‘சாஸ்திரிய இசை’ என்று சொன்னால் சென்னைச் சபாக்களும் யாழ்ப்பாணத்துக் கோவில் வீதிகளும்தான் நினைவுக்கு வருகின்றன. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று யாரும் நினைப்பதில்லை. அந்த எண்ணம் தவறு என்பதும், அதைத் திருத்த வேண்டிய வழி இராக இலக்கணத்திலிருந்து அல்ல, ஓர் இயற்றுநரிலிருந்து தொடங்குகிறது என்பதும், அந்த இயற்றுநர் கோபாலகிருஷ்ண பாரதியாராக இருக்க வேண்டும் என்பதும் என் வாதம்.

நம் பாடசாலைகளில் அழகியல் பாடங்களில் ஒன்றாகக் கர்நாடக சங்கீதம் இருக்கிறது. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆசிரியர் கிடைத்த பாடசாலையில் பிள்ளைகள் சரளி வரிசையும் அலங்காரமும் கற்கிறார்கள், தாளங்களின் அங்கங்களை எழுதுகிறார்கள், திருவாரூரில் பிறந்த மும்மூர்த்திகளின் முத்திரைச் சொற்களை மனனம் செய்கிறார்கள். இவையெல்லாம் அறிவு. ஆனால் ஒருவர் பாடிய பாட்டின் மேல் இன்னொருவருக்குப் பிறக்கும் பிரியம் வேறு வழியாக வருகிறது. ‘இந்த மனுசன் என்ன பாடியிருக்கிறார் கேள்’ என்று ஒருவர் இன்னொருவரைப் பிடித்து உட்கார வைக்கும்போது அது வருகிறது. கேட்பவருக்கு அந்தப் பாட்டில் தன் வீட்டு வாசனை ஏதாவது தட்டுப்பட்டால் ஒட்டிக்கொள்கிறது. தட்டுப்படாவிட்டால் பரீட்சை முடிந்த மறுநாள் உதிர்ந்துவிடுகிறது. மலையகத்தில் சங்கீதம் பரீட்சையோடு நின்றுவிடுவதற்குக் காரணம் பிள்ளைகளின் காதும் அல்ல, குரலும் அல்ல. முதல் வகுப்பிலேயே அவர்களுக்கு அறிமுகமாக வேண்டிய ஆள் அறிமுகமாகவில்லை.

அந்த ஆள் என்ன செய்தார் என்று சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். நந்தன் கதைக்கு மூலம் சேக்கிழாரின் பெரியபுராணம். அங்கே ஆதனூரில் வாழும் நந்தன், தில்லைக்கு ‘நாளை போவேன்’ என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கழிக்கிறார். அதனாலேயே திருநாளைப்போவார் ஆகிறார். அவரைத் தடுப்பது தான் பிறந்த குலத்தை எண்ணிய தயக்கம். அவருக்கு மேலே ஒரு நிலக்கிழார் இருந்ததாகச் சேக்கிழார் பாடவில்லை. பாரதியார்தான் வேதியர் ஒருவரை நிலக்கிழாராகக் கொண்டுவந்தார். நந்தனைப் பண்ணையாளாக்கி, அவனுக்கு ஓர் ஆண்டையைக் கொடுத்து, ‘போய்வர உத்தரவு வேண்டும்’ என்று அந்த ஆண்டை முன்னால் அவனை நிறுத்தினார். பக்திக்குத் தடை மனத் தயக்கம் மட்டுமல்ல, வேலை வாங்குபவரின் அனுமதியும்தான் என்று ஒரு பிராமணக் கவிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே பாடியது சிறிய காரியம் அல்ல. உத்தரவு கேட்டவனுக்கு ஆண்டை வைக்கும் நிபந்தனைதான் கதையின் முள். நாற்பது வேலி நிலத்தின் வெள்ளாமையை முடித்துவிட்டுப் போ என்கிறார். ஒரு வேலி ஏறத்தாழ ஆறரை ஏக்கர். நாற்பது வேலியை ஓர் ஆள் முடிப்பதென்பது நடவாத காரியம். அது இருவருக்கும் தெரியும். மறுப்பை மறுப்பாகச் சொல்லாமல் ஓர் அளவாகச் சொல்லும் தந்திரம் அது.

அளவைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுவது என்ன என்று மலையகத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இத்தனை கிலோ தேயிலைக் கொழுந்து என்று ஒரு கணக்கு. அது நிறைந்தால் முழுப் பேர், அதாவது முழு நாட்கூலி; குறைந்தால் அரைப் பேர், பாதிக் கூலி. மழையும் அட்டையும் சரிவும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. மலைக்குப் போகும் நேரத்தையும் மலையிலிருந்து இறங்கும் நேரத்தையும் இன்னொருவர் குறித்துவைக்கும் வாழ்க்கையில், ‘ஒரு நாள் போய்வருகிறேன்’ என்ற நந்தனின் விண்ணப்பம் பழங்கதை அல்ல. நாளை என்ற சொல்லும் அப்படித்தான். 1948 இல் குடியுரிமை பறிபோனது. 1964 இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவரும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள், மீதிப் பேரின் கதியைப் பிறகு பார்ப்போம் என்று ஒத்திவைத்தார்கள். நிலமும் வீடும் நாளை என்றே சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. கீர்த்தனை இலக்கியத்தில் இந்த மக்களின் அனுபவத்துக்கு இத்தனை அருகே வருகிற இன்னொரு படைப்பு எனக்குத் தெரியவில்லை. இதை மலையகத்துப் பிள்ளைக்குச் சொல்லாமல் மாயாமாளவகௌளையின் ஆரோகணத்தை மட்டும் சொல்லிக்கொடுப்பது, சாப்பாட்டை அடுப்பிலே வைத்துக்கொண்டு பாத்திரத்தை மட்டும் பரிமாறுவதாகும்.

கதை மட்டும் நெருக்கம் என்று நினைத்துவிடக் கூடாது, இசையும் நெருக்கம்தான். திருவிடைமருதூரில் இந்துஸ்தானி இசையைப் பயின்றவர் பாரதியார். தியாகராஜரை நேரில் கண்டவர். அவருடைய ஆபோகிக் கீர்த்தனையைக் கேட்டுவிட்டு அதே இராகத்தில் தில்லைச் சபாபதியைப் பாடினார் என்பது சங்கீத உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இத்தனை பயிற்சி உள்ளவர், நந்தனைப் பாட வந்தபோது சிந்தையும் நொண்டிச் சிந்தையும் கண்ணியையும் விருத்தத்தையும் தாராளமாக எடுத்துக்கொண்டார். வயல்வெளியிலும் திண்ணையிலும் புழங்கிய வடிவங்கள் இவை. இலக்கணப் பிழைகள் மலிந்திருக்கின்றன என்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தர முதலில் தயங்கினார். பாரதியார் பாடக் கேட்டபின் மனம் உருகி எழுதிக்கொடுத்தார். உ.வே. சாமிநாதையர் எழுதிவைத்திருக்கும் இந்தச் செய்தியை நம் வகுப்பறைகளில் முதலில் சொல்ல வேண்டும் என்பேன். ஏட்டில் வைத்துப் பார்த்தால் பிழை, காதில் விழுந்தால் கண்ணீர். புலமையை நாட்டுப்புறத்துக் குரல் வென்ற இடம் அது. கோவிலுக்கு வெளியே நின்று, உள்ளே வர எனக்கு உரிமை உண்டா என்று நந்தன் கேட்கும் பாட்டு மாஞ்சி இராகத்தில் இன்றும் கச்சேரிகளில் பாடப்படுகிறது. மாஞ்சியில் அவசரம் கிடையாது. அது ஒரே இடத்தில் நின்று நின்று திரும்பும். வாசலில் நிற்பவனுக்கு அதைவிடப் பொருத்தமான இராகம் கிடைத்திருக்காது.

பாரதியாரைப் பிடித்துக்கொண்டால் மற்றவர்களும் அதே வழியில் வந்துசேர்வார்கள். அண்ணாமலை ரெட்டியார் இருபத்தாறு வயதில், 1891 இல் மறைந்தவர். ஊற்றுமலை ஜமீன்தாருக்காகக் கழுகுமலை முருகன் மேல் அவர் பாடிய காவடிச் சிந்து இன்று கச்சேரியின் கடைசிப் பகுதியில் துக்கடாவாக இடம்பெறுகிறது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிலோ முருகன் தேரிலோ காவடி எடுத்து ஆடுகிறவனின் கால் அதே நடையில்தான் விழுகிறது. சிந்தின் தாளக்கட்டை அவனுக்கு யாரும் கற்பிக்கவில்லை, அவன் உடம்பு அறியும். செஞ்சுருட்டி என்று பெயர் சொல்லாமலே அந்த இராகம் இங்கே பாடப்பட்டு வந்திருக்கிறது. தாலாட்டின் நீலாம்பரி, நாட்டார் மெட்டிலிருந்து மேடையேறிய ஆனந்தபைரவி, பாம்பாட்டியின் புன்னாகவராளி எல்லாமே மக்கள் வாயிலிருந்து இலக்கணத்துக்குப் போனவை. மாசியில் நடக்கும் காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சைப் பகுதியில் காமன் எரிந்தானா எரியவில்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து லாவணி பாடுவார்கள். மராட்டியர் ஆண்ட தஞ்சையில் வேரூன்றிய அந்த இசைக்கு, அரண்மனையும் வயலும் ஒருசேர உறவு. மலையகம் அந்தக் காமனைத் தன்னோடு கூட்டிவந்து, நூற்றாண்டுக்கு மேலாக இரதியோடும் மதனோடும் விடியவிடிய ஆடிவருகிறது. சாஸ்திரியம் ஒரு கரை, நாட்டார் இசை மறு கரை என்று பிரித்துவைப்பது பாடப்புத்தகத்தின் வசதிக்காக. ஆறு ஒன்றுதான்.

இதை உணர்ச்சியில் சொல்லவில்லை. உலகில் செய்து பார்த்த முறை இது. ஹங்கேரியில் பேலா பார்ட்டோக்கும் சோல்தான் கொடாயும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு குடியானவர் கிராமங்களுக்குப் போனார்கள். தலைநகரத்து மேடைகளில் ஜெர்மானிய இசைதான் உயர்ந்தது என்றிருந்த காலம் அது. ஆயிரக்கணக்கான பாட்டுகளைச் சேர்த்தார்கள், 1906 இல் இருபது பாட்டுகளைப் பியானோத் துணையோடு அச்சிட்டார்கள், அந்த மெட்டுகளின் சாரத்திலிருந்து தங்கள் இசையை எழுதினார்கள். கொடாய் அதற்கும் மேலே போனார். பிள்ளை முதலில் தன் தாய்மொழி நாட்டார் பாட்டைப் பாட வேண்டும், அதன் வழியாகத்தான் சுரம் படிக்கக் கற்க வேண்டும், பிறகுதான் பெரிய இயற்றுநர்களிடம் போக வேண்டும் என்றார்; அந்தக் கொள்கையைப் பின்பற்றி மற்றவர்கள் ஒரு கல்வி முறையையே அமைத்தார்கள். பல நாடுகள் இன்று அதைப் பின்பற்றுகின்றன. அவ்வளவு தூரம் போவானேன், இதே தீவில் இசைக்கலைஞர் அமரதேவ இருந்தார். சிங்கள நாட்டார் பாட்டின் மெட்டையும் லக்னோவில் கற்ற இந்துஸ்தானி இராகத்தையும் ஒன்றாக்கி, ஒரு மக்களின் இசை முகத்தையே வரைந்துகொடுத்தார். இரண்டு இடங்களிலும் பெரிய இசைக்குப் போகும் படிக்கட்டு சொந்த வீட்டு முற்றத்திலிருந்துதான் கட்டப்பட்டது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு கனமானது. கர்நாடக சங்கீதம் சாதியின் மேல்தளத்தில் வளர்ந்த கலை. அதைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்தால் தப்பு என்னும் தோட்டத்துப் பறை இன்னும் கீழே தள்ளப்படும் என்கிறார்கள். அச்சத்துக்குக் காரணம் உண்டு. தப்பு இங்கே பிறப்பு, இறப்பு, திருவிழா அனைத்துக்கும் தனித்தனி அடி வைத்திருக்கும் கருவி. விடியலில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் திரட்டும் அணிவகுப்புக்கு, ஆட்களை எழுப்பவும் அதையே அடித்தார்கள். மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை 1954 இல் எழுதிய ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்ற ஆங்கிலக் கவிதை நூலே விடியலில் அதிரும் பறையொலியோடுதான் தொடங்குகிறது. அப்படிப்பட்ட கருவியை இழிவின் அடையாளமாக்கியது சாதி. அதனால் அதைத் தொட மறுக்கும் இளைஞர்களை நாம் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தப்பையும் யாழையும் எதிர் எதிரே நிறுத்தியது தமிழ் மரபின் தொடக்கம் அல்ல. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது பறையையும் யாழையும் ஒரே நூற்பாவில் வைக்கிறது. மலை நிலமாகிய குறிஞ்சிக்குத் தொண்டகப் பறையும் குறிஞ்சி யாழும் உரியவை என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். இரண்டில் ஒன்று உயர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை.

சேக்கிழார் சொல்லும் நந்தன் செய்த தொழிலையும் இங்கே நினைக்க வேண்டும். கோவில் முரசுகளுக்குப் போர்த்தும் தோலையும் இழுத்துக் கட்டும் வாரையும், வீணைக்கும் யாழுக்கும் வேண்டிய நரம்பையும் கொடுத்தவர் அவர். கோவிலுக்குள் போக முடியாதவரின் கையிலிருந்துதான் கோவிலின் இசை முழுவதும் போயிற்று. இதைக் கடந்த காலம் என்று தள்ளிவிட முடியாது. பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020 இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் மிருதங்கம் செய்பவர்களைப் பற்றியது. மாட்டுத் தோலை இழுத்து, பதப்படுத்தி, வலந்தலைக்கும் தொப்பிக்கும் நாதம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் தலித் கைவினைஞர்கள் என்பதையும், அவர்களின் பெயர் மேடையில் சொல்லப்படாததையும் ஆண்டுக்கணக்கில் அலைந்து பதிவு செய்திருக்கிறார். தப்பும் தோல், மிருதங்கமும் தோல். ஒன்றைத் தீட்டு என்றும் மற்றதைத் தெய்வீகம் என்றும் சொன்னது காது அல்ல. ஆகவே சங்கீதத்தை மலையகத்தில் பகிரும்போது, அதைச் சுத்தமான கலை என்ற வேடத்தோடு பகிரக் கூடாது. இந்த வரலாற்றோடு சேர்த்தே பகிர வேண்டும். பாடசாலைச் சங்கீத அறைக்குள் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் தப்பு இருக்க வேண்டும், தோட்டத்துத் தப்பு ஆசான் ஊதியம் பெறும் ஆசிரியராக அங்கே வர வேண்டும். இந்த நிபந்தனை இல்லாமல் வரும் சங்கீதக் கல்வியை நானும் ஆதரிக்க மாட்டேன்.

இரண்டாவது மறுப்பு நந்தன் கதையையே குறிவைக்கிறது. கடைசியில் நந்தன் தீயில் இறங்கித் தூய்மையாகித்தானே உள்ளே போகிறார்? பணிந்து, அழுது, எரிந்து போனவரை எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் முன்மாதிரியாக வைக்க வேண்டும்? நியாயமான கேள்வி, இதற்குச் சமாதானம் சொல்லித் தப்பிக்கக் கூடாது. அந்தத் தீ ஓர் அநீதி. பாரதியார் காலத்துப் பக்தர்களுக்கு அது முத்தியாகத் தெரிந்திருக்கலாம். நமக்குத் தெரிய வேண்டியதில்லை. இந்திரா பார்த்தசாரதி தன் ‘நந்தன் கதை’ நாடகத்தில் அந்த நெருப்பைச் சூழ்ச்சியாகவே காட்டினார். ஆனால் அம்பேத்கர் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். தீண்டாமையின் தோற்றத்தை ஆராய்ந்து 1948 இல் அவர் வெளியிட்ட நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் ஆகிய மூவரின் நினைவுக்குத்தான் காணிக்கையாக்கினார். எரித்தவர்களை மன்னித்ததாக அதற்குப் பொருள் இல்லை. நந்தனை எரித்தவர்களிடம் விட்டுவிடக் கூடாது என்பதே பொருள். கீர்த்தனையையும் நாடகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த முடிவு சரி என்று பத்தாம் ஆண்டு வகுப்பில் விவாதிக்க வைத்தால், அந்த வகுப்பு சங்கீதத்தையும் கற்கும், தன் வரலாற்றையும் கற்கும். ஒரு படைப்போடு சண்டை போடுவதும் அதன் மேல் வைக்கும் பிரியத்தில் ஒரு பங்குதான்.

அப்படியானால் தியாகராஜரையும் தீட்சிதரையும் தள்ளிவைக்கச் சொல்கிறீர்களா என்று சங்கீத ஆசிரியர்கள் கேட்கலாம். இல்லை, வரிசையை மாற்றச் சொல்கிறேன். தியாகராஜர் தெருவில் உஞ்சவிருத்தி எடுத்துப் பாடிப்போனவர். எளிய மெட்டில், கூட்டமாகப் பாடுவதற்கென்றே திவ்யநாமக் கீர்த்தனைகளைக் கட்டியவர். மார்கழி விடியலில் லயம் லயமாகப் பஜனை பாடிப்போகும் தோட்டத்துக் கோஷ்டிக்கு அவர் அந்நியர் அல்ல. ஆனால் பொருள் புரியாத மொழியில் முதல் பாட்டைக் கற்கும் பிள்ளை, சங்கீதம் என்பது புரியாததுதான் என்று முதல் நாளே முடிவு செய்துவிடுகிறது. இதே காரணத்துக்காகத்தான் 1940களில் அண்ணாமலை அரசர் எனப்பட்ட ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரும் எழுத்தாளர் கல்கியும், மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்ட தமிழிசைக்காக அத்தனை எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு நின்றார்கள். 1943 இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. நுவரெலியாவுக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. சீர்காழி அருணாசலக் கவிராயர், 1711 முதல் 1779 வரை வாழ்ந்தவர், இராமாயணம் முழுவதையும் ‘இராம நாடகக் கீர்த்தனை’யாகத் தமிழில் பாடினார். அதில் அசோக வனத்துச் சீதை வருகிறாள், அனுமன் வருகிறான். அந்த வனம் இதுதான் என்று மக்கள் நம்பும் சீதா எலியவில், ஓடைக்கரையில், சீதையம்மன் கோவில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் பேருந்து பிடித்து வந்து பார்க்கும் இடம். அந்தக் கோவில் முற்றத்தில் கவிராயரின் அசோக வனப் பாட்டுகளை மட்டும் ஒரு மாலை முழுவதும் நம் மாணவர்கள் பாடினால், கேட்க வருபவர்கள் குறைவாக இருக்க மாட்டார்கள்.

சம்பளத்துக்கே போராடும் மக்களிடம் போய்ச் சங்கீதமா என்ற கேள்வி எப்போதும் எழும். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்று 2021 இல்தான் அதைப் பெற்ற சமூகம் இது. கேள்வியின் வலி புரிகிறது. ஆனால் அந்தப் போராட்டத்தின் முதல் தலைமுறையே இதற்கு விடை சொல்லியிருக்கிறது. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1931 இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர்களுக்கான சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடினார். மக்கள் முன்பே அறிந்திருந்த மெட்டுகளில் தொழிலாளரின் நிலையை எழுதிப் பாடினார். 1940 இல் அந்தப் பாட்டுகள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற சிறு நூலாகவும் வந்தன. எழுத்தறியாத கூட்டத்துக்குள் அரசியல் பாட்டின் வழியாகவே புகுந்தது. அன்று பேச்சை மட்டும் நம்பியிருந்தால் அந்தச் சங்கம் லயத்துக்குள் அவ்வளவு எளிதில் போயிருக்குமா என்பது சந்தேகம். சோறும் பாட்டும் போட்டிப் பொருள்கள் என்று அவர்கள் நினைக்கவில்லை. நாமும் நினைக்க வேண்டியதில்லை. உரிமை கேட்பவனுக்கு இசை ஆடம்பரம் என்று முடிவு செய்வது, அவனுக்காக இன்னொருவர் போடும் அரைப் பேர்.

சினிமாப் பாட்டே போதும் என்பவர்களுக்கு நீண்ட பதில் வேண்டாம். 1985 இல் வந்த ‘சிந்து பைரவி’யில் இளையராஜா தியாகராஜரின் ஒரு கீர்த்தனையைச் சாரமதி இராகத்துக்கு மாற்றி, அதே இராகத்தில் ஒரு நாட்டுப்புறப் பாட்டைத் தொடங்கி, இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். மலையகத்தில் அந்தப் பாட்டைக் கேட்காத வீடு குறைவு. அந்த ஐந்து நிமிடம் செய்த வேலையைத்தான் பாடசாலை ஐந்து ஆண்டில் செய்ய வேண்டும் என்கிறேன். சினிமாப் பாட்டு கதவு வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டது. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று அறிமுகம் செய்ய வேண்டியவர்கள் ஆசிரியர்களும் கோவில் நிர்வாகங்களும் வாசகசாலைகளும்தான்.

செய்வது கடினமும் அல்ல. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது. அங்கே பயிலும் வருங்கால ஆசிரியர்கள், எந்தப் பாடத்தைக் கற்பிக்கப் போனாலும், ஓர் இயற்றுநரைப் பற்றி ஒரு மணி நேரம் பிள்ளைகளைக் கேட்க வைக்கத் தெரிந்தவர்களாக வெளியே வரலாம். தமிழ்மொழித் தினப் போட்டிகளில் நந்தனார் கீர்த்தனைக்கும் சிந்துக்கும் மலையகத்துக் கல்வி வலயங்கள் தாமாகவே முதலிடம் கொடுக்கலாம். தண்டபாணி தேசிகர் நடித்துப் பாடிய 1942 ஆம் ஆண்டு ‘நந்தனார்’ படம் இருக்கிறது, அதற்கு முன் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாகவே நடித்த 1935 ஆம் ஆண்டுப் படத்தின் செய்தி இருக்கிறது. ஒரு பெண், ஆண் வேடத்தில், தீண்டாதார் எனப்பட்டவரின் குரலில் பாடினார் என்பதே ஒரு வகுப்புக்குப் போதுமான பேச்சு. மார்கழிப் பஜனைக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை; ஏற்கனவே நடக்கிறது. அங்கே நந்தன் பாட்டு ஒன்றைச் சேர்த்துக்கொள்ள ஒரு முதியவரும் ஒரு பிள்ளையும் மனம் வைத்தால் போதும்.

அதோடு ஒரு வேலையை உடனே தொடங்க வேண்டும். யாழ்ப்பாணத்து இணுவிலிலிருந்து போன வீரமணி ஐயர் மயிலாப்பூர்க் கற்பகவல்லி மேல் பாடிய பாட்டு, டி.எம். சௌந்தரராஜன் குரலில் தமிழுலகம் முழுவதும் போயிற்று. இயற்றியவர் இந்தத் தீவினர் என்பதே பலருக்குத் தெரியாது. மலையகத்துக்கு அப்படி ஒரு கீர்த்தனை இயற்றுநர் இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்தால் அவர் கையில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கும்? சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகச் சேர்த்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ இருக்கிறது. தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் கங்காணியைத் திட்டும் பாட்டும் அதில் பிழைத்துக் கிடக்கின்றன. ஆனால் அச்சு சொல்லைக் காக்கும், மெட்டைக் காக்காது. அந்த மெட்டுகள் மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் புண்டலுஓயாவிலும் இராகலையிலும் எழுபது எண்பது வயதைக் கடந்த பெண்களின் தொண்டையில்தான் இருக்கின்றன. பார்ட்டோக் மெழுகு உருளையைத் தூக்கிக்கொண்டு மலையேறினார். இன்று அதே வேலைக்கு வேண்டிய கருவி ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் இருக்கிறது. அவர்கள் பாட, பதிவு செய்து, சங்கீதம் படித்த ஒருவர் உட்கார்ந்து சுரப்படுத்த வேண்டும். எந்த இராகத்தின் சாயல் என்று அப்போதுதான் தெரியும். தொண்டையில் இருக்கும் மெட்டு வயதோடு போய்விடும். இந்த வேலைக்கு நாளை என்று நாள் சொல்ல முடியாது.